டேப்லெட்டில் 95, தாளில் தடுமாற்றம்: மகளைப் பள்ளி மாற்றலாமா?

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் தாயார் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி, செயலியின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

இந்தக் கல்வியாண்டிலிருந்து மகளின் பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். பாடநூல்கள் அதில்தான், வீட்டுப்பாடம் ஒரு செயலியில், வாரந்தோறும் யார் எத்தனை புள்ளி என்ற தரவரிசையும் உண்டு. செயலியில் மகளுக்கு எப்போதும் 95 விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. வகுப்பில் தாளில் எழுதும் தேர்விலோ பாதி மதிப்பெண்கூட வரவில்லை. கட்டுரை எழுதச் சொன்னால் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு, நாலு சொற்களை மாற்றி எழுதிவிடுகிறாள். மாலையில் தலைவலி என்கிறாள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் குறையவில்லை. இதற்கிடையில் பள்ளியிலிருந்து ஒன்பது பக்க ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. அடுத்த பருவத்திலிருந்து முகத்தைப் படம்பிடித்து வருகைப் பதிவு செய்யப்போவதாகவும் அதில் ஒரு வரி இருக்கிறது. கணவர், “நாளைய உலகமே இதில்தான், பிள்ளையைப் பின்னுக்கு இழுக்காதே” என்கிறார். தாயாரின் கேள்விகள் மூன்று: டேப்லெட்டை வீட்டில் அடியோடு தடுத்துவிடலாமா? படிவத்தில் கையெழுத்திட மறுத்தால் மகளை வகுப்பிலிருந்து விலக்கிவிடுவார்களா? புத்தகமும் கரும்பலகையும் மட்டுமே உள்ள பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த இரண்டு படங்கள், கடிதத்தைவிட அதிகம் சொல்கின்றன. ஒன்று செயலியின் திரை. 2/3 + 3/4 எவ்வளவு என்ற கேள்விக்கு உங்கள் மகள் முதலில் 5/7-ஐத் தொட்டிருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அடுத்து 6/12, மறுபடியும் சிவப்பு. மூன்றாவதாக 17/12, பச்சை. மூன்று முயற்சிக்குள் சரியாகிவிட்டால் முழுப் புள்ளி என்பது அந்தச் செயலியின் விதி, ஆகவே முழுப் புள்ளி. இரண்டாவது படம் வகுப்புத் தேர்வுத் தாள். அதே கணக்கு, விடை 5/7. மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ள எண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள். பின்னக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் மிகப் பழைய தவறு இது. டேப்லெட் பிறப்பதற்கு முன்பே இருந்த தவறு.

இந்தத் தவற்றை வகுப்பில் ஓர் ஆசிரியர் பார்த்திருந்தால், “3/4 உடன் இன்னொன்றைக் கூட்டினால் விடை 3/4-ஐ விடச் சிறியதாக வருமா? 5/7 எது, 3/4 எது, ஒப்பிட்டுப் பார்” என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். பிள்ளை ஒரு நிமிடம் திகைத்திருக்கும். அந்தத் திகைப்பில்தான் கணக்கு புரியத் தொடங்குகிறது. செயலி அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டு, அடுத்த பொத்தானைத் தொடும் வசதியைக் கொடுத்திருக்கிறது. உங்கள் மகள் சோம்பேறி அல்லள். தனக்கு முன் வைக்கப்பட்ட விதிகளுக்குள் மிகக் குறைந்த உழைப்பில் முழுப் புள்ளி பெறும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். புத்திசாலித்தனமான செயல்தான். ஆனால் அவள் அதில் கற்றது பின்னம் அன்று.

ஆகவே “எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறாள்” என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, “இந்த வேலையில் யோசிப்பவர் யார், என் மகளா, கருவியா?” என்று ஒவ்வொரு பணியிலும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். என் ஆலோசனை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் இதை வைத்தே விடை சொல்லப் பார்க்கிறேன்.

கருவி கெடுத்ததா, கருவியைக் கொடுத்த விதமா?

“இந்தத் தலைமுறையின் மூளையையே தொழில்நுட்பம் மாற்றிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆய்வுகள் அப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லவில்லை. பெரு நாட்டில் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி வழங்கும் பெரிய திட்டம் நடந்தது. 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தபோது, கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கணினி வந்தது, அதை வைத்து ஆசிரியர் எதை, எப்படிக் கற்பிப்பது என்பதில் பெரிய மாற்றம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. டெல்லியில் நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒரு கணினிவழிக் கற்றல் திட்டத்தை நான்கரை மாதம் நடத்தி, 2019-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்திலும் இந்தியிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. காரணத்தைக் கவனியுங்கள்: மாணவர் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்க்காமல், உண்மையில் எந்த நிலையில் நிற்கிறார் என்று மென்பொருள் கண்டறிந்து அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கில் சிக்கல் இருந்தால் அந்தக் கணக்கே முதலில் வந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் எளிதில் செய்ய முடியாத வேலை இது. கூடவே, சிறு குழுவாக உட்கார்ந்து உதவிசெய்யப் பயிற்றுநரும் இருந்தார்; பாராட்டு முழுவதையும் மென்பொருளுக்கே கொடுத்துவிடக் கூடாது.

உங்கள் மகளின் சாட்பாட் பழக்கத்துக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பயிற்சிக்கு ஏஐ சாட்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் சாட்பாட் கிடைத்தவர்கள் பயிற்சிக் கணக்குகளை மற்றவர்களைவிட 48 விழுக்காடு சிறப்பாகச் செய்தார்கள். சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். மூன்றாவது குழுவுக்குக் கொடுத்த சாட்பாட், விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வடிவமைத்த குறிப்புகளை மட்டும் தந்தது. அந்தக் குழுவில் இந்தப் பின்னடைவு பெரும்பாலும் தென்படவில்லை. தொழில்நுட்பம் ஒன்றே, யோசிக்கும் வேலையை யாரிடம் விட்டது என்பதுதான் வேறுபட்டது. பயிற்சியில் மதிப்பெண் ஏறுவதும் தேர்வில் இறங்குவதும் ஒரே பிள்ளைக்கு நிகழக்கூடும் என்பதை, உங்கள் வீட்டில் நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதைப் பற்றி

அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பணியிடத்திலும் உயர்கல்வியிலும் டிஜிட்டல் கருவிகளைத் திறம்படப் பயன்படுத்தத் தெரியாமல் உங்கள் மகளால் இருக்க முடியாது. 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் ஒப்பிடும் பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2022-ஆம் ஆண்டுச் சுற்றில், பள்ளியில் கற்றலுக்காக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை கருவிகளைப் பயன்படுத்திய மாணவர்கள், சற்றும் பயன்படுத்தாதவர்களைவிடக் கணிதத்தில் 14 புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். அதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது, வசதியான பள்ளிகளில் கருவியும் இருக்கும், நல்ல கற்பித்தலும் இருக்கும் அல்லவா? அதே ஆய்வில், குறைந்தது சில கணித வகுப்புகளிலாவது கருவிகளால் தங்கள் கவனம் சிதறுவதாக ஓஇசிடி நாடுகளின் (இந்தத் தேர்வை நடத்தும் பொருளாதாரக் கூட்டமைப்பின் உறுப்பு நாடுகள்) மாணவர்களில் 65 விழுக்காட்டினர் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரின் கருவியால் கவனம் சிதறுகிறது என்றவர்கள் 59 விழுக்காட்டினர். அடுத்தவர் திரையும் நம் பிள்ளையின் பாடத்தைக் கெடுக்கும் என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

அவருடைய கருத்தில் திருத்தம் வேண்டிய இடம் வேறொன்று. கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டால் டிஜிட்டல் திறமை தானாக வந்துவிடும் என்று அவர் நம்புகிறார். 2018-இல் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினி, தகவல் திறனைச் சோதித்த பன்னாட்டு ஆய்வில், இணையத்தில் கிடைக்கும் தகவலைத் தாமாகவே எடைபோட்டுப் பயன்படுத்தும் மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களும் கருவிகளோடு வளர்ந்த தலைமுறைதான். விரல் வேகமாக ஓடுவதும் ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று சரிபார்ப்பதும் வெவ்வேறு திறன்கள். இரண்டாவதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். மகளின் பள்ளி அதைச் சொல்லிக்கொடுக்கிறதா என்று உங்கள் கணவரே போய்க் கேட்கட்டும். வீட்டில் எதிரெதிராக நிற்கும் இருவருக்கும் அது பொதுவான கேள்வியாக அமையும்.

திரையில் வாசிப்பு

பாடநூல் திரைக்குப் போனதில் நீங்கள் காட்டும் தயக்கம் நியாயமானது. திரை வாசிப்பையும் தாள் வாசிப்பையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை, அதாவது 1,70,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளை, ஒருசேரப் பகுத்த கட்டுரை 2018-இல் வெளியானது. தகவல் நிறைந்த பாடங்களைத் தாளில் வாசித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்திருந்தது. நேரக் கெடு இருந்தபோது இடைவெளி இன்னும் விரிந்தது. கதைகளை மட்டும் வாசித்தவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளின் மேன்மை குறையவில்லை, கூடியிருந்தது என்பது அந்தக் கட்டுரையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம். பழகினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

ஆகவே வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களுக்கு அச்சுப் புத்தகத்தையும் தரும்படி பள்ளியிடம் கேட்பது பழமைவாதம் ஆகாது. வகுப்பறைகளில் கணினியை முந்திக் கொண்டுவந்த நாடுகளில் ஒன்றான ஸ்வீடனே 2023-இல் அச்சுப் பாடநூல்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கத் தொடங்கியது. பள்ளி மறுத்தால், அந்தந்த வாரத்துக்குத் தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணும் தலைவலியும்

நான் கல்வி ஆலோசகர், கண் மருத்துவர் அல்லள். முதலில் மகளைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கிட்டப்பார்வை தொடங்கியிருந்தால் மாலைத் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கரும்பலகையில் எழுதியது தெரியாததால்கூடத் தேர்வில் பின்தங்கலாம். நீல ஒளிக் கண்ணாடியால் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் வியப்பில்லை. இதுபற்றிய 17 பரிசோதனைகளை 2023-இல் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, திரை பார்ப்பதால் வரும் கண் அயர்வை அத்தகைய கண்ணாடி குறைக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொலைவில் உள்ள எதையாவது பார்க்கச் சொல்வது செலவில்லாத மருந்து.

இன்னொன்று, வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற நேரம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் 39.5 விழுக்காடு. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள் என்றாலும் பகல் வெளிச்சத்தில் விளையாடுவதை இப்போதும் விடவேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் நேரே வீட்டுப்பாடச் செயலியில் உட்காருகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிசையை மாற்றினாலே போதும்: முதலில் வெளியே, பிறகு பாடம்.

அந்த ஒன்பது பக்கப் படிவம்

இந்த இடத்தில்தான் உங்கள் கடிதம் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது, ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிவத்தில் நீங்கள் அடிக்கோடிட்டு அனுப்பிய பகுதிகளைப் பார்த்தேன். கற்றல் செயலியில் கணக்குத் தொடங்குவது, மகளின் புகைப்படத்தைப் பள்ளியின் சமூக ஊடகப் பக்கங்களில் இடுவது, முக அடையாள வருகைப் பதிவு, டேப்லெட்டின் இருப்பிடத்தைக் கண்காணிப்பது, “எங்கள் கூட்டாளி நிறுவனங்களுடன்” தகவலைப் பகிர்வது ஆகிய ஐந்துக்கும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து கேட்கிறார்கள். இவை ஐந்தும் ஒன்றல்ல. முதலாவது இல்லாமல் வீட்டுப்பாடம் நடக்காது. மற்ற நான்கும் இல்லாவிட்டால் மகளின் படிப்பு நின்றுவிடப்போவதில்லை.

உங்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. கையெழுத்திடாமல் இருந்தால் மகளின் தகவல் பாதுகாப்பாக இருக்கும் என்பது முதலாவது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அவள் பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தொடுதலும், ஒவ்வொரு தவறான விடையும், எந்த நேரத்தில் உள்ளே வந்தாள் என்பதும் அப்போதிருந்தே பதிவாகிவருகின்றன. படிவத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுவதால் அது நிற்காது. ஒருமுறை கையெழுத்திட்டால் எல்லாம் முடிந்துபோயிற்று என்பது இரண்டாவது எண்ணம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள பல நாடுகளில் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். தேவையற்றதை அழிக்கச் சொல்லலாம்.

உங்கள் நாட்டுச் சட்டத்தின் நுணுக்கங்களை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரே சொல்ல வேண்டும். பொதுவான அடிப்படையை மட்டும் நான் சொல்கிறேன். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் கல்வி உரிமையையும் அந்தரங்க உரிமையையும் ஒருசேர அங்கீகரிக்கிறது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்வது அதன் நோக்கத்துக்கு எதிரானது. டிஜிட்டல் சூழலில் இந்த உரிமைகள் எப்படிப் பொருந்தும் என்பதை 2021-இல் ஐ.நா. குழு தனியாகவே விளக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், ஒப்புதலின் அடிப்படையில் குழந்தைகளுக்கு நேரடியாக வழங்கப்படும் இணையச் சேவைகளுக்கு 16 வயது வரை பெற்றோரின் இசைவு வேண்டும். அந்த வயதை 13 வரை குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்கு 1998-ஆம் ஆண்டின் சட்டமே பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

முகப் பதிவைப் பற்றி ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். வடக்கு ஸ்வீடனில் ஒரு மேல்நிலைப் பள்ளி 22 மாணவர்களிடம் முக அடையாள வருகைப் பதிவைச் சில வாரங்கள் சோதித்துப் பார்த்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தோம் என்றது பள்ளி. 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவரால் பள்ளி கேட்கும்போது சுதந்திரமாக மறுக்க முடியாது, எனவே அந்த ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்றது ஆணையம். வருகையைப் பதிவு செய்ய இதைவிட ஊடுருவல் குறைந்த வழிகள் இருக்கின்றன என்று கூறி, 2 லட்சம் குரோனர் (ஸ்வீடன் நாணயம்) அபராதம் விதித்தது. வேறொரு நாட்டின் தீர்ப்பு உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் “பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில் என்ன குறை?” என்ற எளிய கேள்வியைத் தலைமையாசிரியரிடம் கேட்க அது போதுமான ஆதாரம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் திருடு போனால் என்ன செய்வது?

கூட்டாளி நிறுவனங்கள் என்ற சொற்றொடரையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற பன்னாட்டு மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் 89 விழுக்காடு, குழந்தைகளின் உரிமைகளை மீறும் அல்லது அவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தகவலைக் கையாண்டதாக 2022-இல் அறிவித்தது. பள்ளியே பரிந்துரைத்தது, ஆகவே பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல நேரங்களில் பள்ளி நிர்வாகமும் அந்த ஒன்பது பக்கத்தை முழுதாக வாசித்திருக்காது என்பது என் அனுபவம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

கையெழுத்திட முடியாது என்று ஒரே வரியில் மறுத்தால் உரையாடல் அங்கேயே முறிந்துவிடும். உங்களைத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர் என்று முத்திரை குத்துவதும் எளிதாகிவிடும். நயமாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலோ கடிதமோ, தேதியும் பெறுநர் பெயரும் இருக்கட்டும்.

*படிவத்தைப் பிரித்துத் தருதல்.* ஐந்து நோக்கங்களுக்கும் தனித்தனியாக ‘ஆம்’, ‘இல்லை’ கட்டங்கள் கேளுங்கள். பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்றால், கற்றல் செயலிக்கு மட்டும் ஒப்புகிறேன், மற்ற நான்குக்கும் இசைவில்லை என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலிருந்து விலக்குவார்களா என்று கேட்டிருந்தீர்கள். கற்றலுக்குத் தேவையானதற்கு ஒப்புக்கொண்டுவிட்ட பிள்ளையை விலக்கப் பள்ளி எளிதில் துணியாது. துணிந்தால் அந்த முடிவையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கல்வித் துறைக்கோ தரவுப் பாதுகாப்பு அமைப்புக்கோ போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கும் வலிமை.

*முதல் முயற்சியின் விவரம்.* செயலியின் ஆசிரியர் பக்கத்தில், எத்தனையாவது முயற்சியில் விடை சரியானது என்ற விவரம் வருகிறதா என்று கேளுங்கள். இத்தகைய பல செயலிகளில் அது இருக்கும், பார்ப்பவர்கள் குறைவு. 95 என்ற மொத்த எண்ணை விட்டுவிட்டு முதல் தொடுதலை மட்டும் கணக்கிட்டால், வகுப்பில் எத்தனை பேர் உங்கள் மகளைப் போலவே பின்னத்தில் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியருக்கே தெரியவரும். ஒரு தாயின் புகாராகத் தொடங்குவது வகுப்பு முழுவதுக்கும் பயனாக முடியலாம்.

*தரவரிசை.* வாராந்திரத் தரவரிசையை நிறுத்தும்படி மற்ற பெற்றோருடன் சேர்ந்து கேட்கலாம். தனியாக இதற்காகப் போராட வேண்டாம்.

வீட்டில்

டேப்லெட்டை அடியோடு தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுப்பாடம் அதில்தான் என்னும்போது, தடை மகளைப் பள்ளிக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிவிடும். பத்து நிமிடம் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் வைத்திருக்கவும், தோழியின் கருவியில் முடித்துவிட்டு வரவும் அவளுக்குத் தெரியாதா என்ன? தடுப்பதற்குப் பதிலாக வேலையின் வரிசையை மாற்றுங்கள். கணக்கை முதலில் நோட்டில் போடட்டும், விடை வந்த பிறகு செயலியில் தொடட்டும். சிவப்பு வந்தால் அடுத்த பொத்தானைத் தொடுவதற்கு முன், நோட்டில் எந்த வரியில் தவறு என்று வட்டமிட வேண்டும். தொடக்கத்தில் முணுமுணுப்பாள், வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். எல்லாக் கணக்குக்கும் வற்புறுத்தாமல் நாளொன்றுக்கு ஐந்து கணக்குக்கு மட்டும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

சாட்பாட்டையும் இதே போலப் புரட்டிப்போடலாம். கட்டுரையின் முதல் வரைவை அவளே எழுதட்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பிறகு, “என் கட்டுரையைத் திருத்தாதே, இதை வாசிக்கும் ஒருவருக்கு என்ன கேள்விகள் எழும் என்று மட்டும் கேள்” என்று சாட்பாட்டிடம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு அவள் தன் சொற்களில் பதில் எழுதிச் சேர்க்கட்டும். அதற்கு முன், ஏஐ உதவியைப் பள்ளி எந்த அளவு அனுமதிக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்பாட் நிறுவனங்கள் தாமே வயது வரம்பு வைத்திருப்பதால், உங்கள் மகளின் வயதில் தனியாகப் பயன்படுத்த விடாமல் நீங்கள் அருகில் இருப்பது நல்லது. சாட்பாட் உறுதியான தொனியில் தவறாகவும் சொல்லும். அதன் பதிலில் ஒரு தகவலை மட்டும் எடுத்துப் பாடநூலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். தவறு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு வரும் பெருமிதத்தை எந்தத் தரவரிசையும் தராது.

இவற்றையெல்லாம் நீங்களே உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போய்வரும் உங்களுக்கு அது முடியாது. வாரத்துக்கு ஒரு கணக்கை, “எனக்குப் புரியவில்லை, சொல்லிக்கொடு” என்று அவளிடம் கேளுங்கள். பின்னத்தை உங்களுக்கு விளக்க முடிந்தால் அவளுக்குப் பின்னம் வந்துவிட்டது. திணறினால் எங்கே திணறுகிறாள் என்று ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

பள்ளி மாற்றம்

புத்தகமும் கரும்பலகையும் மட்டும் உள்ள பள்ளியிலும் பிள்ளைகள் 5/7 என்று எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதிலும் யோசிப்பு இல்லை. தோழிகளையும் பழகிய ஆசிரியர்களையும் 12 வயதில் விட்டுப் பிரிவதற்கான விலையையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முடிவுக்கு முன் அவளிடம் கேட்டாக வேண்டும்.

இந்தப் பருவம் முடியும்வரை காத்திருங்கள். அதற்குள் பள்ளி உங்கள் கடிதத்துக்கு எழுத்தில் பதில் தந்து, படிவத்தைப் பிரிக்க இசைந்து, தாள் தேர்வில் அவள் எங்கே தவறுகிறாள் என்று ஆசிரியர் உங்களோடு உட்கார்ந்து பேசினால், அந்தப் பள்ளியில் தொடரலாம். முகப் பதிவைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, கற்றலைப் பற்றிய கேள்விக்கெல்லாம் செயலியின் விழுக்காட்டையே திரும்பத் திரும்பக் காட்டினால், வேறு பள்ளி பார்ப்பதில் தவறில்லை. அப்போது புதுப் பள்ளியில் டேப்லெட் இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒரு மாணவரின் தவறான விடையைப் பார்த்தால் ஆசிரியர் அடுத்து என்ன செய்வார் என்று கேளுங்கள். முடிந்தால், நடந்துகொண்டிருக்கும் கணித வகுப்பு ஒன்றைப் பின்னால் அமர்ந்து பார்க்க அனுமதி வாங்குங்கள்.